காலிலிருந்து கிளம்பும் வலை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அருகே வாவியில் வீச்சு வலை எறிகிறவரை நின்று பார்க்கிறவர்கள் வலையைத்தான் பார்ப்பார்கள். ஈயக்குண்டு கோத்த விளிம்பு காற்றில் வட்டமாகப் பரந்து, சுற்று முழுவதும் ஒன்றாகத் தண்ணீரைத் தொடும் அந்த ஒரு நொடியில் கண் வேறெங்கும் போகாது. எறியத் தெரிந்தவர்களின் கண் மட்டும் வேறிடத்தில் இருக்கும். புதிதாகப் பழகும் பையனின் வலை சுருண்டு ஒரு பக்கமாக விழுந்தால், பிழை கையில் இருப்பது குறைவு. கால் ஊன்றிய விதத்திலோ இடுப்புத் திரும்பிய நேரத்திலோதான் பெரும்பாலும் அது இருக்கும்.

வலது கைக்காரர் ஒருவர் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலையை மடித்து ஏந்தியபடி உடலை வலப்புறம் முறுக்குகிறார். பாரம் பின்னங்காலுக்குப் போகிறது. பிறகு அந்தக் கால் நிலத்தை மிதித்துத் தள்ள, முதலில் இடுப்புத் திரும்புகிறது. ஒரு கணம் பிந்தி நெஞ்சுக்கூடு, அதற்கும் பிந்தித் தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டும் விரல்களும். ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கீழே உள்ளது வேகம் பிடித்த பிறகே புறப்படுகிறது. பாரமான தொடையும் உடலும் பெற்ற வேகம் இலேசான முன்னங்கைக்குக் கைமாறும்போது பல மடங்காகிறது. ஈட்டி எறிகிறவரும் கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவரும் செய்வது இதைத்தான். தோணியில் நின்று எறிவது கரையில் நின்று எறிவதைவிடக் கடினமாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மிதித்தால் எதிர்த்து நிற்க நிலம் இல்லை. தோணியே பின்னுக்கு வழுகிவிடுகிறது.

இத்தனைக்கும் உடலிடம் இருக்கும் சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. வளர்ந்தவர் ஒருவருக்கு 206 எலும்புகள், அவற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள். எலும்பு தானாக அசையாது. தசைக்கோ இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது.

தள்ளத் தெரியாது என்பது, வாவியின் படுவான்கரைப் பக்கம் ஆழம் குறைந்த நீரில் நீளக் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறவரைக் கண்டவர்களுக்கு நம்பக் கடினமான செய்திதான். ஆனால் அவருடைய மேற்கையின் பின்புறம் இருக்கும் முத்தலைத் தசையைக் கவனிக்க வேண்டும். அதன் கீழ்முனை, மேசையில் கையை ஊன்றும்போது இடிபடுகிற அந்த முழங்கை நுனியில் போய் ஒட்டியிருக்கிறது. தசை சுருங்கி அந்த நுனியை மேலே இழுத்தால் மடங்கியிருந்த கை நீள்கிறது. நீளும் கை கம்பைத் தள்ளுகிறது. உள்ளே நடந்தது இழுப்பு, வெளியே தெரிவது தள்ளல். அதே நேரம் மேற்கையின் முன்பக்கத்து இருதலைத் தசை இளகிக் கொடுக்க வேண்டும். கையை மடக்கும்போது முறை மாறும். பாய்மரத்தை இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருப்பது போன்ற ஏற்பாடு இது. ஒன்றை இழுத்தால் மற்றதை இளக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் மரம் அசையாமல் நிற்கும். ஆடும் தோணியில் நிமிர்ந்து நிற்கிறவரின் கணுக்காலிலும் முதுகிலும் நடப்பது இந்த மூன்றாவது வேலை. பார்க்கிறவருக்கு அவர் சும்மா நிற்கிறார். தசைகளுக்கு ஓய்வே இல்லை.

அடுத்தது கணக்கு. ஐந்து கிலோ நனைந்த வலையை முழங்கை மடக்கி ஏந்தி நிற்கிறவரின் இருதலைத் தசை எவ்வளவு விசை கொடுக்கிறது? ஐந்து கிலோ என்று சொல்லத் தோன்றும். உண்மை அதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அந்தத் தசை முன்னங்கை எலும்பில் ஒட்டுகிற இடம் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. வலை இருக்கும் உள்ளங்கையோ ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் தூரத்தில். நெம்புகோலின் குட்டைப் பக்கத்தில் தசையும் நெட்டைப் பக்கத்தில் சுமையும். ஐந்து கிலோவை ஏந்த நாற்பது கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தூக்குகிற அளவு தசை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வியாபாரி இப்படிக் கணக்குப் போட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

ஆனால் இழந்ததற்கு ஈடாக உடல் ஒன்றை வாங்கிக்கொள்கிறது. தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்கினால் கை எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். விசையைக் கொடுத்து வேகத்தையும் வீச்சையும் வாங்குகிற வியாபாரம். மனித உடலின் பெரும்பாலான மூட்டுகள் இந்தப் பக்கத்தைத்தான் தேர்ந்திருக்கின்றன. அதனால்தான் மனிதன் எறிவதில் கெட்டிக்காரன், பாரம் தூக்குவதில் சுமார்.

இதை முதலில் கணக்காகக் காட்டியவர் நேப்பிள்ஸ் நகரில் 1608இல் பிறந்த ஜொவானி அல்போன்சோ பொரெல்லி. கணிதக்காரர். விலங்குகளின் அசைவைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்தபிறகு 1680, 1681 ஆண்டுகளில் அச்சானது. அதுவரைக்கும், சின்னத் தசை பெரிய பாரத்தை எப்படியோ கொஞ்சம் விசையில் தூக்கிவிடுகிறது என்றுதான் அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். பொரெல்லி அதைத் தலைகீழாக்கினார். தசைகள் சுமையைவிடப் பல மடங்கு விசையில் இழுக்கின்றன, அந்த விசை முழுவதும் மூட்டுக்குள் எலும்பின் மேல் எலும்பாக அழுந்துகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். மூட்டுகள் ஏன் தேய்கின்றன என்ற கேள்விக்குப் பாதி விடை அன்றே கிடைத்துவிட்டது.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது தெரிய மேலும் 270 ஆண்டுகள் ஆயின. 1954இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் ஒரே விடையை வெளியிட்டன. அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றொல்ஃப் நீடர்கேர்க்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். தசைக்குள்ளே அக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றன் இடுக்கில் மற்றது வழுகிப் புகுகிறது. மயோசினில் இருக்கும் நுண்ணிய தலைகள் அக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பற்றுவதை இங்கே உவமை சொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் ஒரே குரலில் சேர்ந்து இழுப்பவர்கள், மயோசின் தலைகளோ ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பவை. அதனால்தான் தசையின் இழுப்பில் துடிப்பு இல்லாமல் ஓட்டம் இருக்கிறது. ஒரு தலை பிடியை விடுவதற்கும் சக்தி தேவை. உயிர் போனபின் உடல் விறைத்துப்போவது அந்தச் சக்தி தீர்ந்து, பிடி விடுபடாமல் இருப்பதால்.

கை அசைவைப் பற்றிக் கண் சொல்லும் சாட்சியை நம்பக்கூடாது என்பதற்குக் கிரிக்கெட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 1995 டிசெம்பர் 26ஆம் தேதி, மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், முத்தையா முரளிதரன் கையை மடக்கி எறிகிறார் என்று ‘நோ போல்’ கொடுத்தார். கண்டியில் பிறந்த அந்தத் தமிழ் இளைஞரின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. மணிக்கட்டும் தோளும் அசாதாரணமாகச் சுழலக் கூடியவை. பேர்த் நகரில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவர் உடலில் அடையாளப் புள்ளிகளை ஒட்டி, வேகக் கமராக்களால் படம்பிடித்துச் சோதித்தார்கள். பிறகு 2004இல் சர்வதேசக் கிரிக்கெட் சபை மற்றப் பந்துவீச்சாளர்களையும் படம்பிடித்துப் பார்த்தபோது வந்த முடிவுதான் வேடிக்கை: கை நேராக இருக்கிறது என்று எல்லோரும் நம்பிய வீச்சாளர்களில் அநேகமாக எல்லோரும் முழங்கையைச் சில பாகை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். வேகமாகச் சுழலும் மேற்கைக்குப் பின்னால் வரும் முன்னங்கை, அந்த விசையில் தானாகவே கொஞ்சம் மடங்கி நீளும். 2005 முதல் 15 பாகை வரை அனுமதி என்று விதியை மாற்றினார்கள். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் முரளி டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

தசை எறிவதற்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல. அதன் பாதி வேலை தடுத்துப் பிடிப்பது. அதைப் பார்க்க வாவிக்கரையை விட்டு ஊருக்குள், கூத்துக் களரிக்குப் போக வேண்டும்.

மட்டக்களப்பின் மரபுக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. நிலத்தில் வட்டமாக மண் உயர்த்திய களரியைச் சுற்றி ஊர் உட்கார்ந்திருக்கும். விடிய விடிய ஆட்டம். வடமோடி அரச பாத்திரங்கள் இடுப்பிலிருந்து வளையம் வளையமாக விரியும் கரப்புடுப்பும் தலையில் முடியும் தரித்து ஆடுவார்கள். தென்மோடியில் உடை இலேசு, ஆட்டம் நுணுக்கம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லாரியும் கூடும்போது குத்துமிதி, நாலடி, எட்டு, வீசாணம் என்று அடிகள் மாறும். ஒவ்வொரு மிதிக்கும் சதங்கை பதில் சொல்லும்.

துள்ளி விழுகிற ஆட்டக்காரரின் தொடையின் முன்பக்கத் தசை என்ன செய்கிறது? முழங்கால் மடங்குகிறது, ஆகவே மடக்கும் தசை வேலை செய்கிறது என்று நினைப்பது இயல்பு. நடப்பது அதற்கு நேர்மாறு. மடக்குவதற்கு உடல் பாரமே போதும். காலை நீட்ட வேண்டிய முன் தொடைத் தசைதான் உயிரைக் கொடுத்து இழுக்கிறது, இழுத்தபடியே நீண்டுகொடுக்கிறது. அது இழுக்காவிட்டால் ஆடுகிறவர் அப்படியே குந்தி விழுந்துவிடுவார். சுருங்கிக்கொண்டு செய்யும் வேலை முடுக்கம் என்றால் நீண்டுகொண்டு செய்யும் வேலை தடை.

இந்தத் தடை வேலை மலிவானது என்பதை 1952இல் லண்டனில் அபொட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் அழகாக நிரூபித்தார்கள். இரண்டு நிலைச் சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுற்றும் மிதியைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் உள்ள விசை ஒன்றே. ஆனால் தடுக்கிறவருக்குச் செலவான ஒட்சிசன் மிதிக்கிறவருக்குச் செலவானதில் பாதிக்கும் குறைவு. சிறிய உருவமுள்ள பிரெண்டா பிக்லண்ட் தடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்து ஆண் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மலிவுக்கு ஒரு விலையும் உண்டு. நீண்டுகொண்டே இழுக்கும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம். பழக்கம் விட்டவர் ஒருநாள் துள்ளி ஆடினால் வலி அன்று வராது, அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் படி இறங்கும்போது வரும்.

விழுந்த வேகம் முழுவதும் வீணாவதும் இல்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண் உடலிலேயே பருமனானது. ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட விசை அதில் ஏறுகிறது. அந்த நாண் சற்று நீண்டு சக்தியைச் சேமித்து, அடுத்த எழும்பலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. தாளம் சரியாக இருந்தால்தான் இந்த வரவு கிடைக்கும். விழுந்து தயங்கி நின்று பிறகு எழும்பினால் சேர்த்தது வெப்பமாகப் போய்விடும். காலம் தப்பாமல் தட்டும் மத்தளம் காதுக்கு மட்டும் உதவுவதில்லை.

இன்னொரு நெருக்கடி மூச்சு. கூத்தர் ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும். பாடுவதற்குக் காற்றை மெல்ல மெல்ல வெளியே விட உதவும் வயிற்றுத் தசைகளேதான் மிதித்து விழும்போது முள்ளந்தண்டை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஒரே தசைக்கு ஒரே நேரத்தில் இரண்டு எசமானர். கூத்தின் அமைப்பே இதற்கு வழி சொல்கிறது. ஆட்டக்காரர் ஓர் அடியைப் பாடுவார், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள்; அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சு. இது கலைக்காக வந்த முறையா, உடலுக்காக வந்த முறையா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்திருக்க வேண்டும்.

மத்தளத்துக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் காதிலும் ஒரு தசை வேலை செய்துகொண்டிருக்கிறது. நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள். அவற்றில் அங்கவடி எலும்பு 3 மில்லிமீற்றர்தான், உடலிலேயே சிறியது. அதைப் பிடித்திருக்கும் தசையும் உடலின் மிகச் சிறிய தசை. பெரிய சத்தம் வந்தால் அது எலும்பை இழுத்துப் பிடித்து அசைவைக் குறைக்கிறது. ஒலி எலும்பு வழியாகவும் காதுக்கு வரும். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியின் புகழ்பெற்ற ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கத் தோணியில் போன பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாக எழுதியிருக்கிறார். நீரிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து மண்டை எலும்புக்கும் அதிர்வு நேரே போய்ச் சேரும். எலும்பு நடப்பதற்கும் எறிவதற்கும் மட்டும் இருப்பதில்லை என்பதற்காக இந்தச் சிறு விலகல்.

எலும்பை வெறும் காய்ந்த சட்டம் என்று நினைப்பதுதான் பொதுவான பிழை. வளர்ந்தவரின் எலும்பிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. எங்கே கட்டுவது என்பதைத் தீர்மானிப்பதில் அதன்மேல் விழும் பாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1892ஆம் ஆண்டில் ஜேர்மன் சத்திர சிகிச்சையாளர் ஜூலியஸ் வோல்ஃப் இதை நூலாக எழுதினார். டெனிஸ் ஆட்டக்காரர்களின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடப் பருத்திருக்கும். எடையற்ற வெளியில் மிதக்கும் விண்வெளி வீரர்களின் இடுப்பும் தொடையும் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் எலும்பை இழக்கின்றன.

இந்தக் கணக்கில் வாவி மீனவர் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறார். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவரின் காலில் உடல் எடையின் ஏறத்தாழப் பாதிதான் இறங்குகிறது. மீதியைத் தண்ணீர் ஏந்திக்கொள்கிறது. ஆனால் நடக்கத் தொடங்கினால் தண்ணீர் எதிர்க்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. தொடைத் தசைக்குக் கூடுதல் வேலை, கால் எலும்புக்குக் குறைந்த பாரம். பகல் முழுவதும் தண்ணீரில் அலைந்தவர் கூடையோடு கரையேறும் அந்தச் சில அடிகளில்தான் எலும்புக்கு முழுப் பாரம் கிடைக்கிறது.

கூத்துப் பழக்கம் மாதக்கணக்கில் நீளும். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். உடலின் நாட்காட்டியும் இப்படித்தான். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பினுடையது. இருக்கும் தசையை முழுதாக அழைக்க மூளை பழகுகிறது. தசை பருப்பது அதற்குப் பிறகு. இரத்தம் குறைவாகப் போகும் நாண் இன்னும் மெதுவாகத் திடமாகிறது. எலும்பின் ஒரு இடம் கரைந்து மறுபடி கட்டப்பட்டு முடிய மூன்று நான்கு மாதங்களாவது வேண்டும். தசை தயாராகி எலும்பு தயாராகாத இடைக்காலம்தான் ஆபத்தானது. இராணுவப் பயிற்சிக்கு வரும் புதியவர்களின் கால் எலும்பில் மயிரிழை முறிவுகள் வருவது பெரும்பாலும் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தை விடிய விடிய ஆடும் ஆட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேர மேடை நிகழ்ச்சியாகச் சுருக்கினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை அப்படி வந்தன. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அவற்றில் ஆடி, பிறகு இந்த மரபை ஆராய்ந்து எழுதினார். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவனத்தில் இன்று மாணவர்கள் இதைப் பயில்கிறார்கள். நேரம் சுருங்கியபோது உடலின் தேவையும் மாறியது. விடியும்வரை நின்று பிடிக்கிற மெதுவான, களைக்காத தசை இழைகளின் பங்கு குறைந்து, சீக்கிரம் விசை கொடுத்துச் சீக்கிரம் களைக்கிற வேக இழைகளின் பங்கு கூடியது.

தரையும் மாறியது. மண் களரியில் விழுந்த கால் இப்போது பலகையிலும் சீமெந்திலும் விழுகிறது. கடினமான தரையில் ஓடினால் கால் அதற்கேற்ப இளகி, முழங்காலைக் கூடுதலாக மடக்கிக்கொள்கிறது. மெத்தென்ற தரையில் விறைத்துக்கொள்கிறது. 1990களில் ஓடுகிறவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனைகளில், தரை மாறிய முதல் அடியிலேயே கால் தன்னை மாற்றிக்கொண்டது தெரியவந்தது. மண் களரியில் பழகிய ஆட்டக்காரர் சீமெந்து மேடைக்கு ஏறும்போது, முதல் மிதியிலேயே அவருடைய தொடை இந்தக் கணக்கைத் தொடங்கிவிடுகிறது.